மாலை போட்ட யூதாஸ்

போன ஞாயிற்றுக்கிழமை கம்பத்தில் ஒரு படம் பார்த்தேன். மகள்தான் இழுத்துக்கொண்டு போனாள். கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற நாலைந்து வாலுப் பையன்களின் கதை. மதில் ஏறிக் குதிக்கிறார்கள், கோயில் மணியை அடித்துவிட்டு ஓடுகிறார்கள், சிஸ்டரிடம் அடி வாங்குகிறார்கள், கடைசியில் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுகிறார்கள். பையன்கள் அத்தனை பேரும் தலை சீவி, சட்டை கசங்காமல், பார்க்க லட்சணமாக இருந்தார்கள். எனக்கு அங்கேயே நம்பிக்கை போய்விட்டது. நம் வகுப்பில் லட்சணமாக இருந்தவன் ஒருவன்தான். அவனையும் நாம் சேர்த்துக்கொள்ளவில்லை.

ஆனால் ஒரு காட்சியில் அந்தப் பையன்கள் நாடகம் போடுவதற்காக ஒட்டுத்தாடி ஒட்டினார்கள். தாடையில் பசையைத் தடவி, சணலைப் பிய்த்து வைத்து அமுக்கினார்கள். தியேட்டரில் பாப்கார்ன் வாசம்தான் இருந்தது. இருந்தாலும் எனக்கு அந்தப் பசை நாறியது. மேலுதடு அரித்தது. மூக்கை ஏன் இப்படிச் சொறிகிறீர்கள் என்று மகள் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படத்தில் அது சிரிக்கிற இடம் இல்லை என்பதால் முன் வரிசையிலிருந்து ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. நீ போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, இதைப் படிக்கப் போவதில்லை என்று தெரியும். உயிரோடு இருந்தபோதும் நீ எதையும் முழுதாகப் படித்தவன் இல்லை. அதனால் எனக்கு அதில் பெரிய மனக்குறை இல்லை.

நீ மாதா கோயில் தெரு. உன் அப்பா ஜீப் ஓட்டினார். ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்களை விடிவதற்குள் ஏற்றிக்கொண்டு கூடலூர் வழியாகக் குமுளி மலைக்குப் போவார், சாயங்காலம் கொண்டுவந்து இறக்குவார். அந்தப் பெண்களில் உன் அம்மாவும் ஒருத்தி. நான் பக்கத்து ஊர். திராட்சைப் பந்தலும் கொஞ்சம் நெல்வயலும் உள்ள வீடு. நாங்கள் முனியாண்டிக்குக் கிடா வெட்டுவோம். உங்கள் மாதா தேர் எங்கள் ஊர் வழியாக வந்தால் மெழுகுவத்தி ஏற்றிக் கும்பிடுவோம். அதற்கு மேல் உங்கள் சாமியைப் பற்றி எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அந்தத் தெரியாமைதான் பின்னால் நம் இரண்டு பேரையும் பாடாய்ப் படுத்தியது.

எட்டாம் வகுப்பில் நீ செய்ததை நினைத்தால் இப்போதும் சிரித்து வயிறு வலிக்கிறது. மாதத்தின் முதல் வெள்ளிக்கு முந்தின நாள், கடைசிப் பீரியடில், கத்தோலிக்கப் பையன்கள் பாவசங்கீர்த்தனம் செய்ய வரிசையாகக் கோயிலுக்குப் போகலாம். மற்றவர்கள் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். அது என்ன நியாயம், எல்லோரும்தானே பாவம் செய்கிறோம் என்று நீ ஒருநாள் மொத்த வகுப்பையும் கிளப்பிக்கொண்டு போய்விட்டாய். இந்துப் பையன்கள், ராவுத்தர் வீட்டுப் பையன்கள் எல்லோரும் கை கட்டி வரிசையில் நின்றோம். என் முறை வந்தது. மண்டியிட்டேன். உள்ளே இருந்தவர் நம் தலைமையாசிரியர் ஃபாதர். என்ன பாவம் செய்தாய் என்று கம்பிக்குப் பின்னாலிருந்து குரல் கேட்டது. எனக்கு மூளை ஓடவில்லை. "நான் இந்து, ஃபாதர்" என்றேன்.

கம்பிக்குப் பின்னால் ஒரு இருமல் கேட்டது. பிறகு, "அது பாவம் இல்ல. போய்க் கணக்குப் பாடத்துல உட்காரு" என்றார்.

இத்தோடு விட்டிருந்தால் தப்பித்திருப்போம். எனக்குப் பின்னால் நின்ற நீ கோயில் அதிரச் சிரித்தாய். உன் குரல் அப்போதுதான் உடைந்திருந்தது. காட்டெருமை கத்தினாற்போல் இருந்தது. ஃபாதர் வெளியே வந்து வரிசையைப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார்.

மறுநாள் உன் அம்மாவை வரச் சொன்னார். உன் மேல் ஏற்கெனவே புகார்கள் குவிந்து கிடந்தன. இது கடைசி எச்சரிக்கை என்றார். இனி ஒரு தடவை சொன்ன பேச்சை மீறினால் டி.சி. உன் அப்பா அதற்குள் முடிவே செய்துவிட்டார்: டி.சி. வந்தால் மறுநாளே தோட்ட வேலைக்கு மலையேற்றிவிடுவது. உன் அம்மாவுக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. தன் பிள்ளை அந்த ஜீப்பில் ஏறக் கூடாது, அவ்வளவுதான். ஆபீஸ் வாசலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாளே, அன்றைக்கு மட்டும் நீ சிரிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தவக்காலம் வந்தது, பாஸ்கா வந்தது. இயேசுவின் பாடுகளை வருடாவருடம் நம் பள்ளிக்கூட மைதானத்தில் நாடகமாகப் போடுவார்கள். குருத்தோலை ஞாயிறு சாயங்காலம் வெயில் தாழ ஆரம்பித்து, இருட்டுவதற்குள் சிலுவையை நட்டுவிடுவார்கள். ஃபாதர் உன்னைச் சீடர்களில் மூத்தவரான இராயப்பராகப் போட்டார். மைக் கிடையாது, கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற தொண்டை உனக்குத்தான் இருந்தது. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். வசனத்தில் இல்லாத ஒரு வார்த்தை மேடையில் உன் வாயிலிருந்து வந்தால் திங்கட்கிழமை டி.சி. அவரைக் குறை சொல்ல முடியாது. முந்தின வருடம் நீ ரோமைச் சிப்பாய். சிலுவை சுமந்து வந்த இயேசுவிடம், "பாத்து வா, இங்கன பலகை ஓட்டையா இருக்கு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டாய்.

எல்லா வேஷத்துக்கும் ஆள் கிடைத்தது. கோயிலில் செபம் சொல்லிக்கொடுக்கிற வேதியரின் மகன் இயேசு. தவக்காலம் முழுக்கக் கறி தின்னாமல் மெலிந்து அதற்குத் தயாராக இருந்தான். கிடைக்காதது யூதாஸ் மட்டும். முத்தம் கொடுத்துச் சாமியையே காட்டிக்கொடுத்தவன் வேஷத்துக்கு மாதா கோயில் தெருவில் எந்த அம்மாவும் பிள்ளையைத் தரமாட்டாள். உன் அம்மாவும் சேர்த்துத்தான். அதனால் வருடாவருடம் இந்து வீடுகளிலிருந்து ஒரு யூதாஸைக் கடன் வாங்குவது பள்ளிக்கூடத்து வழக்கம். அந்த வருடம் கண் என் மேல் விழுந்தது. வீட்டில் கேட்க வேண்டும் என்றேன். நானே கேட்கிறேன் என்று நீ கிளம்பி வந்தாய்.

அம்மா பந்தலடியில் உட்கார்ந்து திராட்சைக் கொத்தில் அழுகலைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். நீ பக்கத்தில் குந்தி, நல்ல பழமாகப் பார்த்து இரண்டு வாயில் போட்டுக்கொண்டு சொன்னாய்: "ஆத்தா, சாமி கூடவே இருக்குற ஆளு இவன். மத்தவகளுக்கெல்லாம் கிடைக்காது. கடைசியில சாமிக்கு முத்தம் குடுக்குறதே இவன்தான்."

இதில் ஒரு வார்த்தை பொய் உண்டா? இல்லை. அம்மா பூரித்துப்போய் ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். நானும் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் மேடையேற ஆசை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரிலிருந்து ஒரு டிராக்டர் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். உங்கள் தெருக்காரர்கள் வருவதற்கு முன்பே முன்னால் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். என் தாய்மாமன் வேட்டி மடிப்புக் கலையாமல் வந்திருந்தார். கையில் வாழையிலைப் பொட்டலம். அது என்ன என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

கடைசி இராவுணவுக் காட்சி. நீளப் பெஞ்சுக்குப் பின்னால் இயேசுவும் சீடர்களும் உட்கார்ந்திருக்கிறோம். உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்று வேதியர் மகன் மெலிந்த குரலில் சொல்கிறான். அவ்வளவுதான், மாமா மேடையேறிவிட்டார். எங்கள் ஊர்த் திருவிழா நாடகத்தில் வேஷக்காரனுக்கு மேடையிலேயே மாலை போடுவது மரியாதை. அவர் அந்த மரியாதையைச் செய்தார். பொட்டலத்திலிருந்து ரோஜா மாலையை எடுத்து என் கழுத்தில் போட்டு, சபையைப் பார்த்து ஒரு கும்பிடு. எங்கள் ஊர்ப் பக்கமிருந்து விசில் பறந்தது. இயேசு கழுத்தில் ஒன்றும் இல்லை, யூதாஸ் கழுத்தில் முழ மாலை. முன்னால் நாற்காலியில் இருந்த ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் மாலையைக் கழற்றப் போனேன். "இருக்கட்டும்டா, நல்லாருக்கு" என்று நீ பல்லுக்குள் முனகினாய்.

அந்த மாலையோடுதான் இயேசுவைப் பிடிக்கிற தோட்டத்துக் காட்சிக்குப் போனேன். சிப்பாய்கள் அட்டைத் தொப்பி போட்டுக்கொண்டு பின்னால் வந்தார்கள். வேதியர் மகன் கன்னத்தில் முத்தம் கொடுத்தேன். கொடுத்ததுதான் தாமதம், மாதா கோயில் தெருப் பெண்கள் ஆரம்பித்துவிட்டார்கள். அதுவும் வருடாவருட வழக்கம்தான். யூதாஸை வாய்க்கு வந்தபடி வைவார்கள், மண்ணை அள்ளித் தூற்றுவார்கள். மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு செய்வது இல்லை. நாடகம் முடிந்ததும் அவர்களே கூப்பிட்டு வைத்துச் சோறு போடுவார்கள். ஆனால் இது என் அம்மாவுக்கு எப்படித் தெரியும்? மாலை போட்ட பொறாமையில் தன் பிள்ளை மேல் மண்ணை வாரிப் போடுகிறார்கள் என்று நினைத்துவிட்டாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து, எவள் போட்டாள், முன்னால் வா என்றாள். மாமா எழுந்தார். டிராக்டரில் வந்த மொத்த ஊரும் எழுந்தது. இந்தப் பக்கம் மாதா கோயில் தெருவும் எழுந்தது.

பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் சண்டையை நிறுத்துவதாக நினைத்து விஷயத்தைப் போட்டு உடைத்தாள். "ஒம் மகன்தாம்மா சாமியக் காட்டிக் குடுத்தது."

அம்மா திரும்பி மேடையைப் பார்த்தாள்.

"நெசமாவா ராசா?" என்று கேட்டாள்.

வேஷம்தானே என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஊர் முன்னால் அவள் அப்படிக் கேட்டபோது, உண்மையாகவே எதையோ செய்துவிட்டவன் போல நின்றேன். கண்ணீர் இறங்கித் தாடிப் பசை இளகியது. சணல் ஒரு பக்கம் தொங்க ஆரம்பித்தது.

நாடகப்படி உன் அடுத்த வேலை கட்டை வாளை உருவி, தலைமைக் குருவின் வேலைக்காரன் காதை வெட்டுவது. நீ வாளை உருவவில்லை. ஃபாதரைப் பார்த்தாய். அவர் உன் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, வேண்டாம் என்று தலையை மெல்ல ஆட்டினார். அதை நான் பார்த்தேன், நீயும் பார்த்தாய். அதற்கு அப்புறம்தான் மேடை விளிம்புக்கு நடந்து போனாய்.

"ஆத்தா, ஒங்க மகன் ஒரு தப்பும் பண்ணல," என்றாய். கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. "இந்த வேசத்துக்கு எங்க தெருவுல ஒரு வீட்டுலயும் புள்ளையத் தரல. எங்கம்மாவும் தரல. கேட்டதும் குடுத்தது நீங்க மட்டுந்தான். இவன் இல்லாட்டி இன்னைக்கு நாடகமே இல்ல."

அப்புறம் உங்கள் தெருப் பக்கம் திரும்பினாய். "மண்ணு போடுறவக அடுத்த வருசம் ஒங்க புள்ளைய அனுப்புங்க. நானே வந்து அள்ளிப் போடுறேன்."

உன் அம்மா அந்தக் கூட்டத்தில்தான் நின்றாள். அவள் கையிலும் மண் இருந்தது. அவள் அதைக் கீழே விட்டதை நான் மேடையிலிருந்து பார்த்தேன். என் அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு சேலையைச் சரி செய்துகொண்டு மாமாவைப் பார்த்து, "ஏலே, உக்காருடா. புள்ளைக நாடகம் நடத்தட்டும்" என்றாள். ஊர் உட்கார்ந்தது. நீ திரும்பி வந்து வாளை உருவி ஒரு போடு போட்டதில் வாள் இரண்டாக ஒடிந்தது. காதுக்குச் சொந்தக்காரன் உண்மையாகவே அலறினான். அதற்குப் பிறகு நாடகம் முடிகிற வரைக்கும் வசனத்துக்கு மேல் நீ ஒரு வார்த்தை பேசவில்லை. அதைப் பார்த்துத்தான் நீ எவ்வளவு பெரிய வம்பில் மாட்டியிருக்கிறாய் என்பது எனக்கு உறைத்தது.

திங்கட்கிழமை காலை உன்னையும் உன் அம்மாவையும் ஆபீஸுக்குள் கூப்பிட்டார்கள். நான் வெளியே ஜன்னலடியில் நின்றேன். அழைக்காமலே என் அம்மாவும் வந்துவிட்டாள், தலையில் ஒரு கூடை பன்னீர்த் திராட்சையோடு. கூடையை ஃபாதர் மேஜையில் இறக்கிவைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள். "இந்தப் புள்ளைய அனுப்புறதா இருந்தா எம்மகன் சீட்டையும் கிழிச்சுக் குடுத்துருங்க சாமி." என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குப் பள்ளிக்கூடம் பிடித்திருந்தது என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

ஃபாதர் கூடையைக் கொஞ்சம் தள்ளிவைத்தார். சொன்ன சொல்லை அப்படியே விட முடியாது, தண்டனை உண்டு என்றார். உன் அம்மா முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனாள். "அடுத்த வருஷம் யூதாஸ் இவன்தான்" என்றார் ஃபாதர். பிறகு உன் அம்மாவைப் பார்த்து, "தருவியாம்மா?" என்று கேட்டார்.

டி.சி. என்று சொல்லியிருந்தால்கூட உன் அம்மா அவ்வளவு திகைத்திருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். கோயிலில் யார் முகத்தில் விழிப்பது என்ற கவலை அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது. உன்னைப் பார்த்தாள். என் அம்மாவைப் பார்த்தாள். தருகிறேன் சாமி என்று மெதுவாகச் சொன்னாள்.

என் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயப்படாதீக. மாலை நாங்க கொண்டாறோம்."

சொன்னபடி கொண்டுவந்தார்கள். மறுவருடம் மாமா உன் கழுத்தில் போட்ட மாலை என்னுடையதைவிடப் பெரிது, அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. நீ முத்தம் கொடுத்தாய். மைதானத்தில் ஒரு பிடி மண்கூட எழவில்லை. எல்லோரும் இரண்டு அம்மாக்களையும் பார்த்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். உனக்குப் பொறுக்கவில்லை. மேடை ஓரத்துக்கு வந்து என் அம்மாவிடம், ஒரு பிடியாவது போடுங்கள் ஆத்தா, இல்லாவிட்டால் வேஷம் எடுபடாது என்று கெஞ்சினாய். அவள் நோகாமல் ஒரு சிட்டிகை போட்டாள். அந்த வருடத்தோடு யூதாஸைக் கடன் வாங்குகிற வழக்கம் போனது. அடுத்த வருடம் மாதா கோயில் தெருவிலேயே இரண்டு பேர் போட்டிக்கு நின்றார்கள்.

நீ மலைக்குப் போகவில்லை. ஐ.டி.ஐ. முடித்துக் கம்பம் ரோட்டில் ஒர்க்‌ஷாப் போட்டாய். மலை ஜீப்புகள் எல்லாம் உன்னைத் தேடி வந்தன. எங்கே யாரை நாலு பேர் சேர்ந்து மிதித்தாலும் கையில் ஸ்பேனரோடு நடுவில் போய் நின்றாய். போன மார்கழிக்கு முந்தின மார்கழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. இவ்வளவு சீக்கிரம் போனதற்கு உன் மேல் எனக்கு ஆத்திரம் இன்னும் தீரவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் உத்தமபாளையம் பக்கம் ஒரு நாற்றுப்பண்ணையில் கணக்குப் பார்க்கிறேன். கணக்கிலிருந்து தப்பிக்கப் பாவம் தேடிப் போனவனுக்கு வாய்த்த வேலை. படம் பார்த்ததற்கு மறுநாள் திங்கள், அதற்கு மறுநாள் செவ்வாய் எங்கள் பண்ணையில் கூட்டம். விடுமுறையில் தண்ணீர் இல்லாமல் திராட்சை நாற்றுகள் வாடிவிட்டன. தண்ணீர் பாய்ச்சுகிற செல்வி அக்காவை நடுவில் நிறுத்தி மேனேஜரிலிருந்து டிரைவர் வரைக்கும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சீட்டைக் கிழிக்கப் போவதும் தெரிந்தது. அந்த அக்கா லீவு கேட்டபோது சரி என்று தலையாட்டியவர் மேனேஜர்தான். பக்கத்தில் நான் இருந்தேன், இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். நீ போன பிறகு நான் ஒரு கூட்டத்திலும் வாயைத் திறந்தது இல்லை. எதற்கு என்று இருந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை எழுந்து நின்றுவிட்டேன்.

"லீவு குடுத்தது நீங்க சார். நான் அங்கனதான் இருந்தேன்" என்றேன்.

செல்வி அக்காவுக்கு வேலை தங்கியது. என்னை மயிலாடும்பாறைப் பண்ணைக்கு மாற்றப் போவதாகப் பேச்சு. அத்தனை பேர் சும்மா இருக்கும்போது உங்களுக்கு மட்டும் என்ன வந்தது என்று மனைவி கேட்கிறாள். நீ கொடுத்துவிட்டுப் போனது என்று சொன்னால் உன்னை வைவாள்.

ஒன்றை மட்டும் உன்னிடம் சொல்ல வேண்டும். பேசும்போது என் கால் இரண்டும் நடுங்கின. மேஜை மறைத்ததால் யாரும் பார்க்கவில்லை. உனக்குப் பயம் என்பதே கிடையாது என்று இத்தனை வருடமும் ஊரெல்லாம் சொல்லி வந்தேன்; உன் அடக்கத்தன்று கல்லறை வாசலில்கூட அதைத்தான் சொன்னேன். அன்றைக்கு நீ போட்டிருந்த இராயப்பரின் அங்கி தரை வரைக்கும் இருந்ததடா. உன் கால் எனக்குத் தெரியவில்லை.